சிவப்புக் கண்ணுக்காகப் பார்த்த சம்பந்தம்

கிள்ளானில் புடவைக் கடையில் நிற்பவளுக்கு ஊரார் வீட்டு மூக்கும் முழியும் மனப்பாடமாகிவிடும். கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்தால் கூட்டமாகத்தான் வரும். பெண்ணின் தோளில் புடவையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்த வேண்டியதுதான், புடவையை விட்டுவிட்டு முகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நெற்றி அப்பா வழி, நிறம் அத்தை வழி, கோபம் யார் வழி என்று வாசல் வரைக்கும் வழக்கு நடக்கும். ஒரு முறை ஓர் அம்மாள் சொன்னார்: "எங்க மாமியார் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனா அவங்க மூக்கு இந்தப் பொண்ணு மூஞ்சியில வந்து உக்காந்துகிட்டு என்னையே பார்க்குதுலா." எனக்கு இந்த மாதிரிப் பேச்சு என்றால் உயிர். அதை அப்படியே மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். வீட்டில் சொல்ல ஆள் இல்லை. பாம்பிடம் சொன்னேன்.

பாம்பு என் மகனுடையது. கடல் தாண்டிப் பெர்த்தில் வேலை கிடைத்துப் போனபோது அவன் என்னிடம் விட்டுப் போனவை ஒரு கட்டில், ஒரு கித்தார், இரண்டு பாம்புகள். கார்ன் ஸ்னேக் என்பார்கள். விஷம் கிடையாது. பழுப்பும் ஆரஞ்சுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், திட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் மரத்தூளில் சுருண்டு கிடக்கும். வாரத்துக்கு ஒரு உறைந்த எலிக்குஞ்சு. அது என் ஐஸ் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் தனி டப்பாவில் இருக்கிறது. அந்த டப்பாவைப் பார்த்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னிடம் ஐஸ் கேட்பதை நிறுத்திவிட்டார். மகன் அறையில் பாம்புகளுக்காக ஏர்கோன் ஓடும். நான் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே படுத்திருப்பேன்.

பெர்த்துக்கும் கிள்ளானுக்கும் ஒரே மணி. இங்கே ஏழென்றால் அங்கேயும் ஏழு. அவன் போன புதிதில் அது பெரிய ஆறுதலாக இருந்தது. நான் சோறு போட்டுக்கொள்ளும்போது அவனும் சாப்பிடுவான் என்று நினைத்துக்கொள்வேன். மணி வேறாக இருந்திருக்கலாமோ என்று பிற்பாடு தோன்றியது. போன் எடுக்காத நாளில், பிள்ளை தூங்கியிருப்பான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கலாம் அல்லவா.

இந்த இரண்டு பாம்புகளும் அண்ணன் தங்கை. அவற்றின் அப்பன்தான் என் மகனுடைய செல்லம். அதன் உடம்பில் கறுப்பே கிடையாது. தேன் நிறத்தில் ஆரஞ்சுத் திட்டு, கண்ணோ மாதுளை முத்து. பெட்டாலிங் ஜெயாவில் கடையை மூடிக்கொண்டு ஊரை விட்டுப் போன ஒருவரிடம் வாங்கியது. ஒரு நாள் அது காரணமே தெரியாமல் செத்துப்போனது. மகன் அதைச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்துவிட்டு அன்று முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. அவன் அப்பா இறந்தபோதுகூட நாலு பேரோடு நின்று தேநீர் ஊற்றிக் கொடுத்தவன்.

அந்தச் சிவப்புக் கண் போய்விடவில்லை, குஞ்சுகளுக்குள்ளே இருக்கிறது என்று அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது சாப்பாட்டு மேசையில். என் தையல் டப்பாவிலிருந்து பழுப்புப் பொத்தான் கொஞ்சம், சிவப்புப் பொத்தான் கொஞ்சம் எடுத்துப் பரப்பினான்.

"மா, ஒவ்வொரு பாம்புகிட்டயும் ரெண்டு பொத்தான். அம்மா ஒண்ணு கொடுக்கும், அப்பா ஒண்ணு கொடுக்கும். எதைக் கொடுக்குறோம்னு அதுங்களுக்கே தெரியாது. கண்ண மூடிக்கிட்டு எடுத்துப் போடுற மாதிரி. ரெண்டுல ஒண்ணு பழுப்பா இருந்தாலும் பாம்பு பழுப்புதான். ரெண்டும் சிவப்பா வந்தாத்தான் சிவப்புக் கண்ணு."

"அப்ப இதுங்க ரெண்டும்?"

"அம்மா பழுப்பு மட்டும்தான் கொடுத்திருக்கும், அதுகிட்ட வேற இல்ல. அப்பன்கிட்ட சிவப்பு மட்டும்தான் இருந்துச்சு. அப்ப இதுங்க ஒவ்வொண்ணுகிட்டயும் ஒரு பழுப்பு, ஒரு சிவப்பு. வெளிய தெரியாது, உள்ள இருக்கு. இதுங்க ரெண்டையும் சேர்த்தா நாலுல ஒண்ணு சிவப்புக் கண்ணு வரலாம்."

எனக்கு இது உடனே பிடிபட்டது. சத்தமாகப் பேசுகிறவரும் மெதுவாகப் பேசுகிறவரும் ஒரே வீட்டில் இருந்தால் தெருவுக்குக் கேட்பது ஒரு குரல்தான். மெல்லிய குரல்காரர் ஊமை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். இரண்டு மெல்லிய குரல்கள் ஒரு வீட்டில் சேர்ந்தால்தான் அப்படி ஒரு குரல் இருப்பதே வெளியே தெரியும். இதையெல்லாம் புரிந்துகொண்ட நான், அவன் கடைசியாகச் சொன்னதில் போய் முட்டிக்கொண்டு நின்றேன்.

"அண்ணனையும் தங்கச்சியையுமாடா சேர்க்கச் சொல்ற?"

"மா, அது பாம்புமா."

"பாம்பா இருந்தா? ஒரே வயித்துல வந்ததுங்க."

அவன் சிரித்துக்கொண்டே பொத்தான்களை டப்பாவில் அள்ளிப் போட்டான். பாம்புகள் அப்போது சின்னவை. பெரிதாகட்டும் என்று விட்டுவிட்டோம். அவனும் புறப்பட்டுப் போனான்.

முதல் தீபாவளிக்கு லீவு இல்லை என்றான். புது வேலை, சரிதான். அடுத்த தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றான். நான் முறுக்குப் பிழிந்து டின்னில் போட்டு வைத்திருந்தேன். கடையில் என்னோடு நிற்கும் அக்கா வந்து பாதியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரம் வீடியோவில் மகன் முகம் வாடியிருந்தது. என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

"அண்ணனும் தங்கச்சியும் பெருசாயிருக்கும்ல. சேர்த்து வைமா. சிவப்புக் கண்ணு ஒண்ணு வரட்டும். அன்னிக்கே டிக்கெட் போட்டு ஓடி வரேன்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் சிரிக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு அதே யோசனை. சிவப்புக் கண் வந்தால் பிள்ளை வருவான். ஆனால் அந்த அறைச் சுவரில் முருகன் படம் இருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே கூடப் பிறந்ததுகளை ஒரே பெட்டியில் போட எனக்குக் கை வரவில்லை. வேறு வழி இல்லையா என்று பார்த்தபோதுதான் எனக்கு அந்தப் பெரிய அறிவு உதித்தது. பெண் பாம்பின் அம்மா காஜாங்கில் பாம்பு வளர்க்கும் ஒருவரிடம் வாங்கியது. அதோடு பிறந்த ஆண் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அம்மாவோடு பிறந்த ஆண் என்றால் தாய்மாமன். தாய்மாமனுக்கு ஒரு மகன் இருந்தால் முறையான மாப்பிள்ளை. என்னையே மாமன் மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக் குணம் தெரியும், பயமில்லாமல் போகலாம் என்று அம்மா சொன்னது காதில் நிற்கிறது. சொந்தத்துக்குள் முடித்தால் உள்ளே இருப்பது வெளியே போகாது என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு காஜாங்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்தப் பெரிய ஆணுக்குப் புள்ள ஏதாவது இருக்கா?"

"இருக்கு அக்கா. ஆண் ஒண்ணு வச்சிருக்கேன். ஏன்?"

"என் பொண்ணுக்குத்தான்."

"எந்தப் பொண்ணுக்கு அக்கா?" என்றார்.

விவரம் சொன்னேன். சிவப்புக் கண் வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சம்பந்தம் பேசும்போது எதற்காக என்று யாராவது சொல்வார்களா. அவரும், குஞ்சு வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, "கொண்டாங்க அக்கா, ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க" என்றார்.

பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, எங்கள் கடைப் புடவைப் பையில் வைத்துக்கொண்டு கொமியூட்டர் ரயிலில் ஏறினேன். ஷா ஆலம் தாண்டியதும் பக்கத்தில் இருந்த பெண்மணி பையைப் பார்த்துவிட்டார்.

"பட்டா, ஷிஃபானா?"

"பட்டு."

"என்னா கலர்?"

"பழுப்பு. உள்ள சிவப்பு ஓடுது."

"கொஞ்சம் காட்டுங்களேன்."

"பிரிச்சா மடிக்க முடியாது ஆன்டி" என்று பையை மடியோடு அணைத்துக்கொண்டேன். பட்டு உள்ளே மெதுவாக ஒரு முறை புரண்டது. வண்டி சென்ட்ரல் வந்து சேரும்வரை எனக்கு வியர்வை நிற்கவில்லை.

சென்ட்ரலில் வண்டி மாற வேண்டும். நேரம் இருந்ததால் நம்மவர் கடைத்தெருவான பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இறங்கி நடந்தேன். பெண்ணை அழைத்துக்கொண்டு போகிறவள் வெறுங்கையோடு போவதா என்று கடையில் அந்த அக்கா கேலி செய்திருந்தார். கேலிதான், ஆனால் லட்டு ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். ஒரு கையில் பெண், ஒரு கையில் லட்டு. நடைபாதையில் கூட்டமும் பாட்டுச் சத்தமும் பூ வாசனையுமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எங்கேயோ போகவேண்டிய காரியம் இருக்கிறவள் மாதிரி நடந்தேன்.

காஜாங்காரர் லட்டைப் பார்த்துவிட்டு, "அப்ப நாங்க மாப்பிள்ளை வீடா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவி தட்டு கொண்டுவந்து வைத்தார். எனக்கும் ஒரு லட்டு கொடுத்தார்கள். அன்று அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான், அந்த வருஷத்தில் நான் இன்னொருவர் வீட்டில் சாப்பிட்டது.

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பெண்ணை அழைத்து வந்தேன். அது கனத்தது. பிறகு ஈரப் பாசி வைத்த டப்பாவுக்குள் புகுந்து முட்டை வைத்தது. கோழி முட்டை மாதிரி ஓடு இல்லை. தோல் மாதிரி மெத்தென்று, நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பன்னிரண்டு. புரட்டக்கூடாது. வைத்த பக்கமே இருக்க வேண்டும். ஈரத் தென்னைநார்த் தூளில் வைத்து மூடினேன். பன்னிரண்டை நாலால் வகுத்து மூன்று சிவப்புக் கண் என்று தீர்மானித்துக்கொண்டேன். கடையில் அந்த அக்காவிடமும் சொன்னேன். "மூணு வரட்டும், ஒண்ணாச்சும் உன் புள்ளையக் கூட்டிட்டு வரும்" என்றார். மகன் மெத்தைக்குப் புது உறை தைத்தேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு முட்டைத் தோல் கிழிந்தது. பாம்புக் குஞ்சு உடனே வெளியே வராது. கிழித்த இடத்தில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வெளியே என்ன என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு தலை. பன்னிரண்டும் பழுப்பு. கண் எல்லாம் கறுப்பு. விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். பழுப்புதான்.

வீடியோவில் மகனிடம் காட்டினேன்.

"எந்த ஆணோட சேர்த்த?"

சொன்னேன். அவன் முதலில் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "மா, நீ பாம்புக்கு மாமன் மகன் பார்த்தியா?"

"ஏண்டா, முறைதானே?"

"சிவப்பு யாரு வழியில வந்துச்சு?"

"அப்பன் வழி."

"நீ மாப்பிள்ளை எடுத்தது?"

"அம்மா வழி."

வாயிலிருந்து அந்த வார்த்தை போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குடும்பத்தில் சிவப்பே கிடையாது. மாப்பிள்ளை கொடுத்தது அத்தனையும் பழுப்புப் பொத்தான். பெண் சிவப்பைக் கொடுத்திருந்தாலும் மேலே பழுப்பு வந்து மூடிக்கொண்டது.

"அதுக்கு அத்தை மகன், பெரியப்பா மகன் எல்லாம் ஒண்ணுதாம்மா. உள்ள இருக்கா, இல்லையா, அவ்ளோதான். அப்புறம் நாலுல ஒண்ணுன்னா பன்னெண்டுல மூணுன்னு கணக்கு இல்ல. ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாக் கண்ண மூடிக்கிட்டு எடுக்கணும். முன்னாடி முட்டையில என்ன வந்துச்சுன்னு அடுத்த முட்டைக்குத் தெரியாது. எல்லாமே பழுப்பா வந்தாலும் ஆச்சரியம் இல்ல."

இந்தக் கடைசிச் சொல்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு காத்திருந்தேன், இந்த முறை வராவிட்டால் அடுத்த முறை வந்தே தீர வேண்டும் என்று மனது கேட்கிறது. அது பாம்புக்குத் தெரியாது. ஒருத்தி எத்தனை நாள் காத்திருந்தாள் என்று முட்டை கேட்பதில்லை.

குஞ்சுகளைக் காஜாங்காரர் எடுத்துக்கொண்டார். அவற்றில் பாதியிடம் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கக்கூடும். எந்தப் பாதி என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அவர் ஒவ்வொரு டப்பாவிலும் பாசிபல் என்று எழுதி ஒட்டினார். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம், வாங்குறவங்க பாடு அக்கா" என்றார். அந்தச் சொல்லையும் நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். யாராவது "மகன் எப்ப வரான்?" என்று கடையில் கேட்டால், "பாசிபல்" என்பேன். சிரிப்பார்கள். அதற்குமேல் கேட்கமாட்டார்கள்.

மறு வருஷம் முருகன் படத்தைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினேன். பிறகு அண்ணனைத் தங்கையின் பெட்டியில் விட்டேன். விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்து உட்கார்ந்துகொண்டேன். என்ன படம் ஓடியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மனதில் கூச்சம்தான். ஆனால் அந்தக் கூச்சத்தைவிட இன்னொன்று பெரிதாக இருந்தது. அவன் போய் மூன்று தீபாவளி ஆகியிருந்தது.

மறுபடி முட்டை, மறுபடி தென்னைநார்த் தூள். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. மகனிடம் மட்டும், முட்டை இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். வகுத்தும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியைத் திறந்தேன். பழுப்புத் தலை ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. ஓரத்து முட்டையில் சின்னதாக ஒரு கிழிசல், அதில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு மூக்கு. நான் குனிந்தேன். அது இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. கண் மாதுளை முத்து.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தேன். அவசரத்தில் முதல் படம் கலங்கலாக வந்தது. இரண்டாவது நன்றாக வந்தது. மகனுக்கு அனுப்ப அவன் பெயரைத் தொட்டேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது.

இதுவரைக்கும் அவன் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. சிவப்புக் கண் வரவில்லை, அவனும் வரவில்லை. அந்தக் காரணத்தோடு நான் சோறு வடித்தேன், கடைக்குப் போனேன், வந்தேன். இந்தப் படம் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தக் காரணம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவன் வருவான். அல்லது லீவு இல்லை என்பான். லீவு இல்லை என்றால் அதற்குப் பிறகு நான் எதை வைத்துக்கொள்வது? வருவான் என்றுதான் மனதில் பாதி சொன்னது. மறு பாதி பேசவில்லை. பேசாத பாதிக்குத்தான் எனக்குப் பயம்.

மத்தியானம் அவனே கூப்பிட்டான். முகம் திரையில் வந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தான்.

"பொரிச்சிருச்சாமா?"

"காலையிலதான்."

"வந்துச்சா?"

அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் புருவம் கொஞ்சம் மேலே ஏறி அப்படியே நின்றது. பரீட்சைத் தாளை வாங்கப் போகிற பையன் முகம் அது. எனக்கு அந்த முகத்தை அவன் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். அது நல்ல செய்தியை எதிர்பார்க்கிற முகம் இல்லை.

"எல்லாம் பழுப்புதாம்பா" என்றேன்.

அவன் புருவம் இறங்கியது. மூச்சு ஒன்று மெதுவாக வெளியே போனது எனக்குக் கேட்டது. "சே, பாவம்மா நீ" என்றான். குரலில் உண்மையான அன்பு இருந்தது, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். "கவலைப்படாத. இன்னொரு தடவை சேர்த்துப் பார்க்கலாம். காட்டு, குஞ்சுங்களக் காட்டு."

போனைத் திருப்பிப் பழுப்புத் தலைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஓரத்து முட்டைக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டேன்.

அன்று அவன் வழக்கத்தைவிட நெடுநேரம் பேசினான். கூட இருக்கிற பையன் சோற்றை அடிபிடிக்க விட்டதைச் சொன்னான். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, கம்பளிச் சட்டை வாங்கினேன் என்று எழுந்து நின்று அதைப் போட்டுக் காட்டினான். நீ என்ன சமைச்ச, கடையில கூட்டமா, கூட நிக்கிற ஆன்டி இன்னும் கேலி பண்றாங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். புடவை எடுக்க வந்த ஒரு மாப்பிள்ளை எல்லா நிறமும் ஒன்றாகத்தான் தெரிகிறது என்று சொல்லிப் பெண்ணிடம் திட்டு வாங்கியதைச் சொன்னேன். விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பேசட்டும் என்று விட்டேன். என் கைக்குப் பின்னால் அந்தக் குஞ்சு உடம்பை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு விரலில் ஏறியது. குளிர்ந்து ஈரமாக இருந்தது. நான் விரலை அசைக்கவில்லை.